குச்சி பிடித்த கையில் ஓர் அட்டை

போன வாரம் பாடகி ஆபி லிங்கன் ஐ.நா. சபைக்குள் நுழைந்து காங்கோ தலைவர் லுமும்பாவின் கொலைக்கு நியாயம் கேட்டதோடு நிறுத்தினோம். அந்தக் கோபம் அவரோடு அடங்கவில்லை. அவருடைய காதலர், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் நெஞ்சிலும் கனன்றுகொண்டிருந்தது.

1961 மே 19. நியூயார்க், கார்னகி ஹால். அரங்கம் நிரம்பி வழிகிறது. மேடையில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ்.

ரோச்சுக்கு மைல்ஸ் அந்நியரா என்ன! சார்லி பார்க்கரின் ஜாஸ் குழுவில் ஒருவர் டிரம்பெட் ஊத, மற்றவர் டிரம்ஸ் வாசிக்க, சேர்ந்தே வளர்ந்தவர்கள். அப்படியானால் நண்பரின் கச்சேரியை ஏன் குலைக்க வேண்டும்?

காரணம், அன்றைய வசூல் போய்ச் சேரும் இடம். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி செய்யும் ஓர் அமைப்புக்கான நிதிக் கச்சேரி அது. அந்த அமைப்பு காலனி ஆதிக்கத்துக்குத் துணைபோகிறது என்று போராட்டக்காரர்கள் நம்பினார்கள். ரோச்சும் நம்பினார். மைல்ஸுக்கு இது தெரிந்தாக வேண்டும் என்று துடித்தார்.

முந்தைய ஆண்டுதான் 'வீ இன்சிஸ்ட்!' என்று விடுதலைக்காகவே ஓர் இசைத்தட்டு போட்டிருந்தார். அதில் ஓரிடத்தில் ஆபி சொற்களை விட்டுவிட்டு வெறுமனே அலறுவார். ரோச்சின் டிரம்ஸ் அந்த அலறலோடு மோதும். கேட்டால் உடம்பு நடுங்கும். அப்படி இசைத்தவரால் பார்வையாளர் இருக்கையில் எப்படிச் சும்மா உட்கார முடியும்?

மைல்ஸ் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' வாசிக்கிறார். மென்மையான காதல் மெட்டு.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் மேடையை நோக்கி நடக்கிறார்.

ரோச்!

கையில் குச்சிகள் இல்லை. அட்டை. 'ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கர்களுக்கே! இப்போதே விடுதலை!'

மேடை விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு போராட்டக்காரரும் வந்து அமர்ந்தார்.

மைல்ஸ் திகைத்தார். 'என்ன இது?' என்பதுபோல டிரம்பெட்டை ரோச்சை நோக்கி ஆட்டினார். பாட்டை நிறுத்தினார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அரங்கமே ரோச்சைப் பார்த்துக் கத்துகிறது. காவலர்கள் ஓடிவந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மைல்ஸோடு வாசிக்க வந்த கில் எவன்ஸின் இசைக்குழு செய்வதறியாமல் காத்திருக்கிறது.

உள்ளே, மைல்ஸை எப்படியாவது மேடைக்குத் திருப்பி அனுப்பக் கெஞ்சுகிறார்கள். அவருடைய முன்கோபம் ஊரறிந்தது. இனி அவர் டிரம்பெட்டைத் தொடுவாரா? தொட்டால், அந்தக் கோபம் எந்தச் சுரத்தில் வெடிக்கும்?

(அடுத்த வாரம்)