கண் துடிப்பும் ஒரு ரத்தக்குழாயும்

ஆட்டையாம்பட்டியில முறுக்கு சுத்துற அம்மா ஒருத்தர். இடது கண் துடிச்சப்போ, "பொம்பளைக்கு இடது கண் துடிச்சா நல்லதுதானுங்க"ன்னு விட்டுட்டாங்க. நாலு வருஷத்துல துடிப்பு கன்னத்துக்கு இறங்கி, வாயை ஒரு பக்கமா இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. தூக்கத்துலயும் நிக்கல.

உங்க வீட்லயும் இப்படி யாராவது இருக்கலாம். அதான் இந்தக் கதை.

1875. ஜெர்மன் மருத்துவர் ஷூல்ட்ஸே, முகம் துடித்துக்கொண்டே இருந்த ஒருவரின் மூளையை இறந்தபின் ஆராய்ந்தார். வெர்டிப்ரல் தமனி வீங்கி, முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

காரணம் அப்பவே தெரிஞ்சுது. ஆனா வைத்தியம்? பல காலம் நரம்பையே கொஞ்சம் வெட்டினாங்க. துடிப்பு நிக்கும், முகம் கோணிடும்!

1960களில் அமெரிக்காவின் பீட்டர் ஜன்னெட்டா மைக்ராஸ்கோப் வழியா பார்த்தார். நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளியே வர்ற இடத்துல, தமனி ஒண்ணு வளைஞ்சு உரசுது. மூளைப் பக்கத்து மயலின் உறை முடிஞ்சு, புறநரம்பின் உறை தொடங்குற எல்லை அது. உரசலைத் தாங்காது. அவர் நரம்பைத் தொடல, குழாயை நகர்த்தினார். இன்னைக்கு நடுவுல டெஃப்லான் பஞ்சு வைக்கிறோம்.

ஆனா ஒட்டியே ஓடுறது காது நரம்பு. கேட்கும் திறன் போகும் அபாயம் உண்டு. ஆபரேஷன் வேண்டாம்னா போட்டாக்ஸ் ஊசி. சில மாசம் தாங்கும், திரும்பப் போடணும்.

அந்த அம்மாவுக்கு எம்ஆர்ஐ படத்துல வளைஞ்ச குழாயைக் காட்டினேன். "நம்ம முறுக்காட்டமே இருக்குதுங்க டாக்டர்"ன்னு சிரிச்சாங்க. இப்போதைக்கு ஊசிதான் கேட்டிருக்காங்க.