பிள்ளை என்னும் பட்டப்பெயரும் எண்ணிம ஆவணத் தேடலும்

பிள்ளை என்பது தமிழ்நாட்டிலும் கேரளத்தின் தென்பகுதியிலும் இலங்கையிலும் தமிழர் குடியேறிய நாடுகளிலும் வழங்கிவரும் பெயர்ச்சொல். குடும்ப வரலாறு தேடுவோரும் ஆய்வு மாணவரும் எண்ணிம ஆவணக் காப்பகங்களில் இச்சொல்லை இட்டுத் தேடும்போது பதிவுகள் குவிந்துவிடுகின்றன. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரித் துபாசி ஒருவரின் நாட்குறிப்பு, 1908ஆம் ஆண்டு இராஜதுரோக வழக்கின் தீர்ப்பு, நாகசுரக் கச்சேரி அறிவிப்பு, டர்பன் துறைமுகத்தின் கப்பல் பட்டியல் ஆகியவை ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கும். இவற்றுள் யார் யாருக்கு உறவு என்பதைப் பெயரை மட்டும் கொண்டு அறிய முடியாது.

பட்டமும் குடும்பப்பெயரும்

ஐரோப்பிய முறையில் குடும்பப்பெயர் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருவது. காப்பகங்களின் தேடுபொறிகளும் அந்த எண்ணத்திலேயே அமைக்கப்பட்டவை. பிள்ளை அத்தகைய பெயராகப் பிறந்ததன்று. அது மரியாதை குறித்த பட்டம். வேளாளரான வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும், இசை வேளாளரான திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளைக்கும், கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கும், திருவிதாங்கூரிலிருந்து 1910இல் நாடுகடத்தப்பட்ட நாயர் இதழாளர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளைக்கும் அது பொதுவாக இருந்தது. நால்வருக்கும் இடையே குருதி உறவு தேடுவது வீண்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் வேறு. அங்கே பிள்ளை பெரும்பாலும் இயற்பெயரின் உறுப்பாகவே வரும். பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832–1901) தந்தை பெயர் வைரவநாதர். மகன் அழகசுந்தரம் கிறித்தவப் போதகரான பின் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என அறியப்பட்டார். மூன்று தலைமுறையில் ஒருவர் பெயரில்தான் பிள்ளை இருக்கிறது. குடும்பப்பெயரை நம்பித் தேடுபவருக்குத் தந்தையும் கிடைக்கமாட்டார், மகனும் கிடைக்கமாட்டார்.

எழுத்துக்கூட்டல்

ஆங்கிலேய எழுத்தர் பி, ஐ, எல், எல், ஏ, ஐ என்று எழுதினர். தென்னாப்பிரிக்கா, மொரீசியசு ஆகிய நாடுகளில் கடைசி எழுத்து ‘ஒய்’ ஆனது. பிரெஞ்சுக்காரர் தம் ஒலிமுறைப்படி ‘புல்லே’ என்று படிக்குமாறு எழுதினர். ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பை ஜூலியன் வின்சன் 1894இல் பிரெஞ்சில் வெளியிட்டபோது இயற்பெயரும் பட்டமும் ஒரே சொல்லாகச் சேர்ந்து அச்சாயின. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அவை இரு சொற்கள். ஒரே மனிதரின் ஒரே நூல் இரண்டு வேறு தேடல்களில் சிக்குகிறது. இலங்கையின் மேற்குக் கரையில் பெர்னாண்டோபுள்ளே என்ற பெயரின் பின்பாதியாகவும் இச்சொல் ஒளிந்திருக்கிறது.

கணினி செய்யும் பிழைகள் தனி. பழைய ஆங்கில அச்சை எழுத்துணரி மென்பொருள் படிக்கும்போது நடுவில் உள்ள இரண்டு ‘எல்’ எழுத்துகளைப் பெரிய ‘யு’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே பி, ஐ, பெரிய யு, ஏ, ஐ என்று பிழையாகவே தட்டச்சு செய்து தேடினால், சரியான எழுத்தில் அகப்படாத பக்கங்கள் அகப்படும். சிரிப்பாகத் தோன்றினாலும் பயனுள்ள வழி இது.

தமிழ் அச்சிலும் சிக்கல் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ‘ளை’ என்பது துதிக்கை போன்ற வளைவு கொண்ட பழைய வடிவிலேயே அச்சிடப்பட்டது. பிள்ளை என்ற சொல் அந்த எழுத்திலேயே முடிவதால், அதற்கு முந்தைய நூல்களில் மென்பொருள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. போதாக்குறைக்குப் புணர்ச்சி: சிதம்பரம் பிள்ளை, சிதம்பரம்பிள்ளை, சிதம்பரப்பிள்ளை மூன்றும் கணினிக்கு மூன்று வேறு பெயர்கள்.

நேட்டால் கப்பல் பட்டியல்கள்

இத்தேடல் வெறும் ஆர்வமாக நில்லாமல் ஒரு குடும்பத்தின் தேவையாகவே ஆகுமிடம் தென்னாப்பிரிக்கா. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தடைந்தது. அன்று முதல் 1911 வரை கரும்புத் தோட்டம் முதலிய வேலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று மூதாதையர் ஊரைத் தேடுகின்றனர். வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை கோருவோருக்கு முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றதற்கான சான்றும் வேண்டியிருக்கிறது.

கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டன. தழும்பு குறித்தது அடையாளம் காணவும் தப்பியோடினால் பிடிக்கவும். ஓர் ஆளின் முழங்காலில் இருந்த வடு நூறாண்டுக்குப் பின் அவருடைய கொள்ளுப்பேரனுக்கு உதவும் என்று அந்த எழுத்தர் நினைத்திருக்கமாட்டார்.

இப்பட்டியலில் பெரும்பாலான வரிகளில் இருப்பது முத்துசாமி, முனியன், வீரம்மாள் போன்ற ஒற்றைப் பெயர்தான். குடும்பப்பெயர் என்ற கட்டம் பின்னாளில் பள்ளி, திருமணப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றின் படிவங்களோடு வந்தது. அப்போது சிலர் சாதிப் பட்டத்தை எழுதினர். பிள்ளை, நாயுடு, முதலியார், படையாச்சி முதலியவை தென்னாப்பிரிக்க எழுத்துக்கூட்டலில் உறைந்தது அவ்வாறே. சிலர் பாட்டனாரின் இயற்பெயரையே குடும்பப்பெயராகக் கொடுத்தனர். உடன்பிறந்தவர் இருவர் வெவ்வேறு குடும்பப்பெயரோடு பதிவானதும் உண்டு. எனவே இன்றைய ‘பிள்ளை’ குடும்பம் ஒன்று கப்பல் பட்டியலில் அப்பெயரைத் தேடி, அகப்பட்ட முதல் ஆளைத் தன் மூதாதையர் என்று எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் அயலார் ஒருவருக்கே திதி கொடுக்கும்படி ஆகும்.

சரியான வழி பின்னோக்கிச் செல்வது. பெற்றோரின் திருமணப் பதிவு, பாட்டனாரின் இறப்புப் பதிவு, சொத்துக் கோப்பு என்று படிப்படியாகப் போனால் அவற்றில் ஏதேனும் ஒன்றில் காலனி எண் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அந்த எண் கிடைத்துவிட்டால் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் கவலையில்லை. நேட்டாலில் பிறந்த குழந்தைகள் கப்பல் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பெற்றோரின் எண்ணே துணை. பெண்களுக்குத் தனி எண் இருந்ததால், பெயர் மாறிப்போன கணவரை மனைவியின் எண்ணைக் கொண்டு கண்டறிவதும் சில வேளை இயலும்.

பட்டம் மறைந்த இடங்கள்

புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப்பெயர் ஒன்றைக் கொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ ஆனார். அதற்குப் பிந்திய பதிவேடுகளில் அத்தகைய குடும்பங்களைப் பட்டத்தால் தேடிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் காரணம் வேறு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அடுத்த தலைமுறைகளில் பட்டம் தேய்ந்து, தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் நின்றது. கடல் கடந்தவர் பெயரில் இறுகிப்போன சொல், அவர்கள் புறப்பட்ட ஊரில் உதிர்ந்துவிட்டது. டர்பனிலிருந்து ஜில்லா, தாலுகா, ஊர் என்று எல்லாம் கண்டறிந்து வந்து இறங்குபவர், அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பிள்ளை என்று ஒருவரையும் காணாமல் திகைப்பது இதனால்தான். அங்கே கேட்க வேண்டியது பட்டியலில் உள்ள தந்தை பெயரையும், வீட்டில் எவருக்கேனும் நினைவிருந்தால் குலதெய்வத்தின் பெயரையும்.