காந்தமும் கணனியும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

இரும்பைச் சூடாக்கிக்கொண்டு செல்லுமிடத்து, ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் அது தன் நிலையான காந்தத்தன்மையை இழந்துவிடுகின்றது. இத்தகைய மாற்றங்களைப் பியர் கியூரி 1895இல் விரிவாக ஆராய்ந்தார். ஆயினும், தன் அயலை மட்டுமே அறிந்த கோடானுகோடி அணுக்கள் ஒரு குறித்த வெப்பநிலையில் ஒழுங்கு குலைவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைதேடிய முயற்சியே காந்தப்பொருட்களைக் கணனியிற் போலச் செய்து ஆராயும் துறைக்கு வழிவகுத்தது. இயந்திரம் தரும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் பிறிதொரு வினாவும் அவ்வரலாற்றில் உட்பொதிந்துள்ளது.

ஜேர்மனியப் பௌதிகவியலாளரான வில்ஹெல்ம் லென்ஸ் 1920இல் மிக எளிய மாதிரியுரு ஒன்றை முன்வைத்தார். அதில் ஒவ்வோர் அணுவும் மேல் அல்லது கீழ் என்னும் இரு திசைகளுள் ஒன்றையே நோக்கும். அயலணுக்கள் ஒரே திசையை நோக்கின் சக்தி குறையும். ஹம்பேர்க்கில் அவரின் மாணவராயிருந்த ஏர்ண்ஸ்ற் ஈசிங், ஒரு பரிமாணச் சங்கிலியில் நிலையான காந்தம் தோன்றாதென நிறுவி 1925இல் வெளியிட்டார். ஆனால் முப்பரிமாணத்திலும் அவ்வாறே அமையுமென அவர் கொண்ட முடிவு பிழைத்தது. இரு பரிமாணத்திலேயே காந்தம் தோன்றுமென 1936இல் றுடோல்ப் பயர்ள்ஸ் காட்டினார். 1944இல் லார்ஸ் ஒன்சாகர் இரு பரிமாண மாதிரியுருவுக்குச் செம்மையான தீர்வு கண்டார். யூதரான ஈசிங்கோ 1933இல் ஆசிரியத் தொழிலை இழந்து, 1939இல் லக்சம்பேர்க்கிற் புகலடைந்து, 1947இல் அமெரிக்கா சென்றார். தம் பெயர் பௌதிகவியலில் நிலைபெற்றுவிட்டமையை அவர் போருக்குப் பின்னரே அறிந்துகொண்டார்.

முப்பரிமாணத்திற்குச் செம்மையான தீர்வு இன்றுவரை கிட்டவில்லை. பக்கத்திற்குப் பத்து அணுக்கள் கொண்ட சிறு கனசதுரத்திலேயே, சாத்தியமான நிலைகளின் தொகை 302 இலக்கங்களைக் கொண்டதாகும். அவை யாவற்றையும் எண்ணித் தீர்த்தல் எந்த இயந்திரத்தாலும் இயலாது. இவ்விடத்திலேயே 1953இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் தோன்றிய முறை துணைபுரிந்தது. மெற்றோபொலிசும், ரோசன்புளூத் தம்பதியரும், ரெல்லர் தம்பதியரும் மேனியாக் என்னும் கணனியில் 224 வட்டத் துணிக்கைகளின் நடத்தையை ஆராய்ந்தனர். அதற்கான கணனி நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத். அம்முறையைக் காந்தத்திற்குப் பிரயோகிப்பது எளிது: எழுமாற்றாக ஓரணுவைத் தெரிந்து அதன் திசையை மாற்றிப் பார்க்க வேண்டும்; சக்தி குறையின் மாற்றத்தை ஏற்கலாம்; கூடின் வெப்பநிலையைப் பொறுத்த ஒரு நிகழ்தகவுடன் மட்டும் ஏற்கலாம்.

இவ்வாறு பெறும் விடை சரியென எவ்வாறு அறிவது? இரு பரிமாணத்திற் கணனி தரும் பெறுமானங்களை ஒன்சாகரின் தீர்வுடன் ஒப்பிடலாம். தாளில் எழுதப்பட்ட கணிதமே இயந்திரத்திற்கு உரைகல்லாயிற்று. எனினும் மாறுநிலை வெப்பநிலையை அணுகும்போது பெருங்கூட்டங்களாக அணுக்கள் ஒருதிசைப்படுதலால், ஒவ்வொன்றாக மாற்றும் முறை மிகவும் மந்தமாகின்றது. கூட்டங்களை ஒருங்கே புரட்டும் வழியை 1987இல் சுவென்சனும் வாங்கும் கண்டனர். வேகமான இயந்திரத்தால் மட்டும் தீராத இடரைச் சிந்தனை தீர்த்தது.

காந்தச் சாதனங்களை ஆராயப் புகுந்தோர் வேறொரு பாதையைப் பின்பற்றினர். காந்தத்திசையின் இயக்கத்திற்கு லண்டாவும் லிப்சிற்சும் 1935இல் சமன்பாடு வகுத்தனர். வில்லியம் புல்லர் பிறவுண் நுண்காந்தவியலைத் தனித்துறையாக்கி 1963இல் நூலெழுதினார். இங்கு பொருளைச் சிறு கலங்களாகப் பிரித்துக் கணித்தல் வேண்டும். ஒவ்வொரு கலமும் ஏனைய எல்லாக் கலங்களையும் பாதிக்குமாதலால், 3,20,000 கலங்களுக்கு ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட சோடிகள் உள. விரைவுப் பூரியர் உருமாற்றம் அவ்வேலையைப் பன்னூறு மடங்கு குறைத்தது.

ஆயினும் வேகம் உண்மைக்கு உத்தரவாதமன்று. 1990களில் அமெரிக்கத் தேசிய நியம நிறுவகத்தைச் சார்ந்த குழுவொன்று ஒரு பொதுப் பரீட்சையை அமைத்தது. 2 மைக்கிரோமீற்றர் நீளமும் 1 மைக்கிரோமீற்றர் அகலமும் 20 நனோமீற்றர் தடிப்பும் கொண்ட நிக்கல்–இரும்புத் தகட்டின் காந்தம் எக்களத்தில் திசைமாறும் என்பதே வினா. பல ஆய்வாளர் விடையனுப்பினர். அவ்விடைகளோ தம்முட் பெரிதும் முரண்பட்டன. ஒவ்வொருவரும் தனித்தே வெளியிட்டிருப்பின் ஒவ்வொன்றும் சரியெனவே கொள்ளப்பட்டிருக்கும். முரண்பாடு பகிரங்கப்படுத்தப்பட்டமையாலேயே கலத்தின் பருமன், தொடக்க நிலை முதலியவற்றின் முக்கியத்துவம் கூர்ந்து நோக்கப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட பரீட்சைகளில் விடைகள் நெருங்கி வந்தன.

ஈசிங்கின் பிழையைத் திருத்தியது பிறரின் கணிதம்; கணனியின் பிழையை வெளிப்படுத்தியது பிறரின் கணனி. இன்று இலட்சக்கணக்கான கலங்களை மேசைக் கணனியிலேயே கணிக்க முடிகின்றது. எண்கள் பெருகப்பெருக அவற்றை ஐயுறும் பொறுப்பும் பெருகுகின்றது. அறிவியலில் நம்பிக்கை என்பது இயந்திரத்தின் வலுவாற் பெறப்படுவதன்று. தன் விடையைப் பிறர் சோதிக்கத் திறந்து வைக்கும் நேர்மையாற் பெறப்படுவது.