விடுதலைக்குப் பின்: அமெரிக்காவின் புனரமைப்புக் காலம் (1865–1877)

ஐக்கிய அமெரிக்காவின் சரித்திரத்தைக் கற்கும் மாணவர் பலர், 1865 ஆம் ஆண்டோடு அடிமைகளின் கதை முற்றுப்பெற்றதாகக் கருதுவர். அவ்வாண்டு ஏப்பிரில் 9 ஆந் தேதி தென் மாநிலங்களின் தளபதி லீ, வடமாநிலத் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். அடுத்த வாரமே லிங்கன் கொலையுண்டு மறைந்தார். டிசம்பரில் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தால் அடிமை முறை நாடு முழுவதிலும் ஒழிக்கப்பட்டது. சோதனை விடைத்தாள்களும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிறைவெய்துகின்றன. ஆயின், விடுதலை பெற்ற ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்களுக்கு உண்மைச் சோதனை அதன் பின்னரே தொடங்கியது. தளை நீங்கிய ஒருவன் சுதந்திர மனிதனாய் வாழ்தற்கு எவை வேண்டும் என்னும் வினாவே அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் சரித்திரமாகும்.

1861 இல் போர் மூண்டபோது, பிரிந்து சென்ற மாநிலங்களை மீண்டும் இணைப்பதே லிங்கனின் முதல் நோக்கமாயிருந்தது. 1863 சனவரி முதலாந் தேதி அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கலகம் விளைத்த பகுதிகளையே குறித்தது. பிரியாது நின்ற கென்டக்கி, மேரிலாந்து முதலிய மாநிலங்களின் அடிமைகளை அது விடுவிக்கவில்லை. எனினும் அப்பிரகடனம் போரின் தன்மையையே மாற்றிற்று. ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடமாநிலப் படையிற் சேர்ந்து போரிட்டனர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்த அப்போரில், அவர்கள் தாமும் குருதி சிந்தியே தம் விடுதலையை ஈட்டினர்.

விடுதலை பெற்றோர் பெரிதும் வேண்டியது நிலம். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி விளைவித்த மக்களுக்கு ஒரு துண்டு நிலமும் சொந்தமாயிருக்கவில்லை. 1865 சனவரியில் தளபதி ஷேர்மன், தென் கரோலைனா முதல் புளோரிடா வரையுள்ள கரையோரத்தில், தோட்ட உடைமையாளர் கைவிட்டோடிய நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாது பங்கிடுமாறு கட்டளையிட்டார். ஏறக்குறைய 40,000 பேர் அங்குக் குடியேறிப் பயிர் செய்தனர். லிங்கனுக்குப் பின் சனாதிபதியான ஆண்ட்ரூ ஜோன்சனோ, கலகஞ் செய்தோர்க்கு மன்னிப்பளித்து, அந்நிலங்களிற் பெரும்பாலானவற்றைப் பழைய உடையவர்க்கே மீட்டுக் கொடுத்தார். உழுதவன் வெளியேற, ஓடியவன் திரும்பி வந்தான்.

நிலம் கைநழுவிய வேளையிற் சட்டமும் எதிராயிற்று. மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள், வேலையற்றிருந்த கறுப்பினத்தவனைக் குற்றவாளியாக்கின. தண்டம் இறுக்க இயலாதவனைக் கூலிக்கு அமர்த்தி அதனை ஈடுசெய்தன. இவற்றால் வெகுண்ட காங்கிரசு, 1867 இல் தென் மாநிலங்கள் பத்தினை ஐந்து இராணுவப் பிரிவுகளாக்கிக் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை வழங்கச் செய்தது. 1868 இல் நிறைவேறிய 14 ஆம் திருத்தம் குடியுரிமையையும் சமமான சட்டப் பாதுகாப்பையும் அளித்தது. 1870 இன் 15 ஆம் திருத்தம், இனங் காரணமாக வாக்குரிமையை மறுத்தலைத் தடைசெய்தது. அவ்வாண்டிலேயே மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனற் சபையின் முதற் கறுப்பின உறுப்பினராய் அமர்ந்தார். முன்னர் அடிமைக்கு எழுத்தறிவித்தல் பல தென் மாநிலங்களிற் குற்றமாயிருந்தது. இப்பொழுதோ முதியோரும் சிறாரும் ஒரே வகுப்பில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். தென்னாட்டின் பொதுப் பாடசாலை முறை பெரிதும் இக்காலத்திலேயே வேரூன்றியது. அதனால் வறிய வெள்ளையரும் பயனடைந்தனர்.

இவ்வாட்சிகளைக் கு கிளக்ஸ் கிளான் முதலிய இரகசியக் கூட்டத்தார் கொலையாலும் தீவைப்பாலும் அச்சுறுத்தினர். 1873 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வடநாட்டாரின் ஊக்கமும் தளர்ந்தது. 1876 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின் முடிவு பிணக்குக்குள்ளாக, மறு ஆண்டு ஏற்பட்ட இணக்கத்தால் ஹேயிஸ் பதவியேற்றார். தென் மாநில அரசுகளுக்குக் காவலாய் எஞ்சிநின்ற மத்திய படையினர் விலக்கப்பட்டனர். பகைத்த இரு சாராரும் கைகோத்தனர். அதற்கு விலை கொடுத்தவரோ விடுதலை பெற்ற மக்களே. நிலமற்ற அவர்கள் வாரத்துக்குப் பயிர் செய்து, விதைக்கும் உணவுக்கும் கடன்பட்டு, பழைய தோட்டங்களிலேயே கட்டுண்டனர். வாக்குரிமையும் தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் பறிக்கப்பட்டது. 1896 இல் உயர் நீதிமன்றம் இனப் பிரிவினையைச் சட்டபூர்வமாக்கியது.

விடுதலை பெற்றோரின் தகுதியின்மையே இத்தோல்விக்குக் காரணம் எனச் சரித்திர ஆசிரியர் பலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். 1935 இல் டு போய்ஸ் எழுதிய நூல் அக்கூற்றை மறுத்தது. பிற்கால ஆய்வாளர் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றனர். பொருளாதாரப் பற்றுக்கோடும் அரசின் பாதுகாப்பும் இல்லாதவிடத்து, ஏட்டில் எழுதிய உரிமை நிலைபெறாது என்பதே இக்காலம் புகட்டும் பாடம். எனினும் எழுதியது வீண்போகவில்லை. பாடசாலைகளில் இனப் பிரிவினை செல்லாதென 1954 இல் அதே நீதிமன்றம் தீர்த்தது 14 ஆம் திருத்தத்தைக் கொண்டே; 1965 இன் வாக்குரிமைச் சட்டம் எழுந்தது 15 ஆம் திருத்தத்தின் மீதே. லீ சரணடைந்து அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆதலின் மாணவர், 1865 என்று எழுதியதும் பேனாவை வைத்துவிடாது, 1877 ஐயும் எழுதுவாராக.