ஒரு வாவியும் இரு கரையும்: மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பங்கீடு பற்றிய வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் திசை பற்றி அதன் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், படும் திசை பற்றி மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்கினர். எழுவான்கரையின் மணற்பாங்கான நிலத்திலே தென்னையும் மீன்பிடியும் நெருங்கிய குடியிருப்புக்களும் அமைந்தன. படுவான்கரையிலே நெல்வயல்கள் பரந்தன. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குச் செல்வோர் இந்நீரைக் கடந்தே சென்றனர். கரைகளைப் பிரித்த நீரே அவற்றை இணைத்தும் நின்றது. அந்நீரை ஆளும் உரிமை யாருக்கு என்னும் வினா இப்பிரதேசத்தின் சமூக வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாததாகும்.

வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு தொடர்புறுகிறது. கோடையில் அலைகள் குவிக்கும் மணல் இம்முகத்துவாரங்களை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் வந்து சேர, வாவி பெருகி வயல்களுள் ஏறும். அப்போது மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது வழக்கம். வெட்டப் பிந்தினால் பயிர் அழுகும். முந்தினால் நீர்மட்டம் சடுதியாகத் தாழ்ந்து மீன்வளம் கடலோடு போகும். மழை ஓய்ந்தபின் உவர்நீர் வயலோரம்வரை ஏறவும் கூடும். வெட்டாமலே விடுவதும் தீர்வாகாது. கடலிலே பொரிக்கும் இறாற்குஞ்சுகள் வாவிக்குள் புகுந்தே வளர்கின்றன. ஆகவே, முகத்துவாரம் வெட்டும் நாளைக் குறிப்பது வெறும் தொழினுட்பத் தீர்மானமன்று. அது உழவனுக்கும் மீனவனுக்கும் இடையிலான ஒரு பங்கீடாகும்.

இப்பங்கீட்டில் இரு சாராரும் சமநிலையில் நிற்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் நெற்செய்கை பற்றிய பழைய வழமைகளுக்குச் சட்டவலு அளித்தது. தேசாதிபதி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. குளத்துக்கும் வயலுக்கும் சட்டம் வந்தது. வாவியில் வலை வீசியவனின் வழமைக்கு அத்தகைய ஏற்பு கிட்டவில்லை. வயல் பற்றிய தீர்மானங்களிலும் நிலவுடைமையாளரான போடியாரின் குரலே ஓங்கியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்து, உழுபவனுக்கு ஓரளவு இடம் தந்தது. அப்போதும் மீனவன் அக்குழுக்களுக்குப் புறத்தேயே நின்றான்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இச்சிக்கலை வேறொரு தளத்துக்கு உயர்த்தியது. இங்கினியாகலையில் பட்டிப்பளையாறு மறிக்கப்பட்டபின், வாவியின் தென்பகுதியை வந்தடையும் நீரின் அளவும் காலமும் தொலைவிலுள்ள மதகுகளையும் சார்ந்தன. குடியேற்றத்தின் விளைவான இனமுரண்பாடு 1956இல் வன்செயலாக வெடித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரு கச்சேரியின் கீழிருந்த நீர், இரு கச்சேரிகளுக்கு உரியதாயிற்று. எல்லைக்கோடு காகிதத்திலே விழுந்தது. வெள்ளம் அதனை அறியவில்லை.

எனினும், எல்லை கடந்த ஒத்துழைப்பு இயலாததன்று என்பதற்கும் இதே ஆற்றுப்படுகையே சான்று தருகிறது. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்ற விவசாயிகளும், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் பயிரிட்டனர். 1981இல் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிறைந்திருந்தது. அவ்வாண்டில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் அமைப்பாளர்களை அங்கே அனுப்பின. விவசாயிகள் கூடி வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். தலைப்பகுதியினர் நீரைச் சிக்கனப்படுத்திக் கடைப்பகுதிக்கு விட்டனர். பின்னர் அவர்களின் பிரதிநிதிகள் மாவட்ட விவசாயக் குழுவிலும் அமர்ந்தனர். இனப்பகை மூண்டிருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது. 1988இல் பங்கேற்பு நீர்ப்பாசன முகாமைத்துவம் அரசின் கொள்கையாக ஏற்கப்பட்டமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

ஆனால் அவ்வொத்துழைப்பு வயலோடு நின்றுவிட்டது. வயலிலிருந்து வடியும் நீர், உரத்தையும் கிருமிநாசினியையும் சுமந்து வாவியை அடைகிறது. அவ்வகையில் நோக்கின், வாய்க்காலின் உண்மையான கடைக்கோடியில் நிற்பவன் வாவி மீனவனே. கடைப்பகுதி விவசாயிக்குக் கிடைத்த இருக்கை அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஒடிசாவின் சிலிகா ஏரி மூன்று மாவட்டங்களில் பரந்தது. 1991இல் அதற்கெனத் தனி அதிகாரசபை அமைக்கப்பட்டது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் மீன்வளம் மீண்டது. அவ்வமைப்பை அப்படியே பெயர்த்து நடவேண்டுமென்பதன்று நம் வாதம். நீரின் எல்லையே நிருவாகத்தின் எல்லையாக அமையலாம் என்பதையே அது காட்டுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும், உழவரும் மீனவரும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஓரவையில் இருந்து, மதகு திறக்கும் நாளையும் முகத்துவாரம் வெட்டும் நாளையும் ஒருங்கே தீர்மானிக்கும் நிலை உருவாதல் வேண்டும். அதுவரை வாவியின் நலம் வலியோரின் வசதிக்கு உட்பட்டதாகவே இருக்கும்.