கோணல் என்னும் சொல்லும் முதுகெலும்பும்

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, உடன் திருகியும் நிற்கும் நிலையை மருத்துவர்கள் ‘ஸ்கோலியோசிஸ்’ என்பர். கிரேக்கத்தில் ‘ஸ்கோலியோஸ்’ என்பது வளைந்ததைக் குறிக்கும். ஹெசியட் அதே சொல்லை நேர்மையற்ற தீர்ப்புகளுக்கும் ஆள்கிறார். தமிழில் ‘கோணல்’ உடலுக்கும் புத்திக்கும் பொதுவாக வழங்குவதை நினைவுகூரலாம். இவ்வுருவகம் மருத்துவத்தையும் நெடுங்காலம் ஆண்டது என்பதே என் கருத்து.

ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல், நோயாளியை ஏணியில் கட்டி உயரத்திலிருந்து விழவிட்டு உலுக்கும் முறையை விவரிக்கிறது. அதனால் எவரும் நிமிர்ந்ததாகத் தாம் அறியவில்லை என்றும், கூட்டத்தை மலைக்கவைக்க விரும்புவோரே அதை நாடுவர் என்றும் நூலாசிரியர் எழுதுகிறார். அவர் நம்பியது, பலகையில் கிடத்தி இருபுறமும் இழுத்து, நடுவே அழுத்துவதை. (பாகவதத்தில் மூன்றிடம் வளைந்த திரிவக்ராவின் பாதங்களை மிதித்துக்கொண்டு, மோவாயை விரல்களால் உயர்த்திக் கண்ணன் நிமிர்த்துகிறான். இழுத்தால் நிமிரும் என்ற கற்பனை பரவலானது என்பதற்கு மேல் இதில் மருத்துவச் சான்று எதையும் தேடவேண்டியதில்லை.) 16ஆம் நூற்றாண்டில் ஆம்புரோஸ் பாரே துளையிட்ட இரும்புக் கவசத்தை அணிவித்தார்.

1741இல் நிக்கோலா ஆந்த்ரி, ‘நேர்’, ‘குழந்தை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து ‘ஆர்த்தோபீடி’ என்னும் பெயரை ஆக்கினார். கழியோடு கட்டப்பட்ட கோணல் மரம் அவர் நூலின் புகழ்பெற்ற படம். எலும்பு மருத்துவ அமைப்புகள் பல இன்றும் அதையே சின்னமாகக் கொண்டுள்ளன. அழகிய படம்தான். ஆனால் வளைவு வளர்ப்பின் பிழை என்னும் குற்றச்சாட்டு அதனுள் உறைந்திருக்கிறது.

எக்ஸ்-கதிர் வந்தபின் பார்வை மாறத் தொடங்கியது. 1948இல் ஜான் காப் வளைவைக் கோணமாக அளக்கும் முறையை வெளியிட்டார்; 10 பாகைக்குக் குறைந்தது இன்று நோயாகக் கருதப்படுவதில்லை. 1962இல் பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்தோரிடம் பயன்படுத்திய உலோகத் தண்டு முறையை வெளியிட்டார். இரும்புக் கவசத்தின் வழித்தோன்றலான பிரேஸோ, உறுதியான சான்றுக்கு 2013 வரை காத்திருந்தது. அவ்வாண்டு வெளியான வட அமெரிக்க ஆய்வில், அதை அணிந்தோரில் 72 விழுக்காட்டினரும் அணியாதோரில் 48 விழுக்காட்டினரும் அறுவைக்குரிய 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்தனர். அணிந்த நேரம் கூடக்கூடப் பயனும் கூடியது.

வளரிளம் பருவத்தில் தோன்றும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் காரணம் தெரியாது. புத்தகப்பை, உட்காரும் முறை ஆகியவற்றின் மீது பழி சுமத்தச் சான்றில்லை. எனினும் வளைவு மிகுவது பெண்பிள்ளைகளிடமே அதிகம். ‘நேராக உட்கார்’ என்னும் அதட்டலும் அவர்களுக்கே. அதட்டுவதற்கு மாறாக, முன்குனியச் செய்து முதுகின் ஒருபுறம் மேடிடுகிறதா என்று பார்க்கலாம். 1865இல் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வளர்ச்சி நின்றபின் கண்டறிந்தால் பிரேஸுக்கு வேலையில்லை.