கணினிக்கு வெளியே வந்த ஒலி மாற்றி

கணினியில் உள்ள பாட்டுக் கோப்பு வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றினால்தான் ஒலிபெருக்கியோ ஹெட்போனோ ஒலிக்கும். இந்த வேலையைச் செய்யும் சில்லைக் கடைகளில் 'டாக்' என்பார்கள். கணினிக்குள் இருந்த இச்சில்லு தனிப் பெட்டியாக வெளியே வந்த வரலாற்றில், பெட்டியின் மேல் அச்சிடப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களைவிட, கடிகாரம் யாரிடம் இருந்தது என்பதே முக்கியமானது.

ஒலியை எண்களாக்கும் எண்ணம் கணினிக்கு முந்தையது. ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937இல் பாரிசில் பணியாற்றியபோது தொலைபேசிக்காக இதை வகுத்தார். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், வினாடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 16 பிட்டில் எழுதப்பட்டது. ஏன் இந்த விசித்திரமான எண்? அப்போது எண்முறை ஒலியைப் பதிய வீடியோ நாடாவையே பயன்படுத்தினார்கள். வினாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவுகள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலங்கள், 294 வரிகள். அதிலும் விடை அதுவே. மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம்.

வீட்டுக் கணினிக்கு ஒலி வந்தது பிந்தித்தான். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை 8 பிட் மட்டுமே. 1997இல் இன்டெல் வகுத்த ஏசி'97 தரம் 48,000ஐ அடிப்படை வீதமாகக் கொண்டது. அதனால் பல கணினிகளில் குறுந்தகட்டுப் பாட்டு மறுகணக்கிடப்பட்டே ஒலித்தது. மின்வழங்கியும் வட்டும் எழுப்பும் மின் இரைச்சலும் அதில் கலந்தது. மாற்றியைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோவதே தீர்வு என்று தோன்றியதில் வியப்பில்லை.

யூஎஸ்பி வழியாக ஒலியை அனுப்பும் விதிமுறை 1998இல் வந்தது. அப்போதைய வேகத்தில் 1 மில்லி வினாடிக்கு அதிகபட்சம் 1,023 பைட்டு அனுப்பலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு 576 பைட்டு போதும். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1,152 பைட்டு வேண்டும், இடம் கொள்ளாது. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 இந்தத் தடையை நீக்கியது. அதற்குரிய ஒலி விதிமுறை 2006இல் வந்தது. ஆனால் விண்டோஸ் அதைத் தானாகவே ஏற்றுக்கொண்டது 2017இல்தான். அதுவரை விண்டோஸ் பயனர்கள் தயாரிப்பாளர் தரும் டிரைவரை நிறுவ வேண்டியிருந்தது.

கடிகாரச் சிக்கல் இதைவிட நுட்பமானது. தொடக்ககால மாற்றிகளில் பல, கணினி அனுப்பும் வேகத்துக்கு ஏற்பத் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தன. கணினியோ ஆயிரம் வேலைகளுக்கு நடுவே அனுப்புவது. எண் சரியாக இருந்தும் அது ஒலியாகும் கணம் சற்று முன்பின் ஆனால் அலையின் வடிவம் பிசகும். இதை 'ஜிட்டர்' என்பார்கள். மாற்றி தன் படிகக் கடிகாரத்தையே நம்பி, கணினியிடம் 'கூட்டி அனுப்பு, குறைத்து அனுப்பு' என்று சொல்லும் முறை 1998 விதியிலேயே இருந்தது. இசைக் கருவிகளில் அது பரவியது 2000களின் பிற்பாதியில். அமெரிக்கரான கார்டன் ராங்கின் இதில் முன்னோடி. அதன்பின் கணினி வெறும் பண்டகசாலை ஆனது. தாளம் போடுவது வெளிப்பெட்டி.

நல்ல பெட்டி வாங்கியும் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. விண்டோஸ் வழக்கமாக எல்லா ஒலிகளையும் ஒரே வீதத்துக்கு மாற்றிக் கலக்கும். கோப்பின் வீதம் அப்படியே போக வேண்டுமானால், ஸ்டைன்பர்க் நிறுவனத்தின் ஏஸியோ அல்லது விஸ்டாவில் வந்த தனியுரிமை முறை போன்ற வழி தேவை.

காதுக்கு இது கேட்கிறதா? 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவு ஒலியையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்ததையும் பிரித்தறியச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 மட்டும் சரி. நாணயம் சுண்டியது போலத்தான். 2016இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 52.3 விழுக்காடு கிடைத்தது. என் கணிப்பில், இரைச்சல் குறைந்ததும் கடிகாரம் சீரானதும்தான் சாதாரணக் கேட்பவருக்குக் கிடைத்த பலன். 24 பிட்டின் அருமை ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் அதிகம்.

அதே 2016இல் வந்த ஐபோன் 7இல் ஹெட்போன் துளை இல்லை. மாற்றாகக் கொடுத்த விரல் நீள இணைப்புக் கம்பியின் முனைக்குள் ஒரு மாற்றிச் சில்லு இருந்தது.